பர்மிய யாழும் நம் வகுப்பறை யாழும்

பினாங்கு சூலியா தெருவுக்கு ஆண்டில் இருமுறையேனும் நான் போய்வருவதுண்டு. பள்ளி மிருதங்கத்தின் வார் தளர்ந்தாலும், ஆர்மோனியத்தின் துருத்தி கிழிந்தாலும், தோட்டத்துப் பக்கத்தில் அதைச் சீர்செய்யத் தெரிந்தவர் எவருமில்லை. பட்டர்வொர்த்தில் படகேறிக் கரையிறங்கி நடந்தால் கால்மணி நேரத்தில் தெருவை அடைந்துவிடலாம். தமிழ் முஸ்லிம்களாகிய சூலியர் பெயரால் வழங்கும் இத்தெருவுக்குப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மலபார் தெரு என்று பெயர். ஒரு முனையில் நாகூர் தர்கா. நடுவே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். பக்கத்துக் குவீன் தெருவிலே 1833இல் எழும்பிய மகாமாரியம்மன் கோயில். மாலை வேளையில் அங்கிருந்து வரும் நாகசுர ஒலி சூலியா தெருவின் வாகன இரைச்சலையும் மீறிக் காதில் விழும்.

சென்ற விடுமுறையில் மிருதங்கத்தோடு போனபோது, வழக்கமாகச் சீர்செய்து தரும் முதியவர் கடை வாசலின் ஐந்தடியில் அமர்ந்து ரவையைப் பிசைந்து கொண்டிருந்தார். மிருதங்கத்தின் இடப்பக்கமாகிய தொப்பியில் ரவைப் பசை அப்பினால்தான் கும்மென்ற தாழ்ந்த ஒலி கிடைக்கும் என்பதை ஆசிரிய அன்பர்கள் அறிவர். “ரவை எத்தனை நேரம் நிற்கும், அண்ணே?” என்று கேட்டேன்.

“காயிற வரைக்கும்தான், வாத்தியாரய்யா. நமக்கு ரவை. பர்மாக்காரன் சோத்தையும் சாம்பலையும் பிசைஞ்சு அப்புவான். எங்கப்பா ரங்கூன்ல இருந்தவரு, சொல்லுவாரு. ஒண்ணு ரெண்டு மத்தளமில்ல; சுத்திவர ஒரு வட்டம் முழுக்க மத்தளம். நடுவுல ஒருத்தன் உட்கார்ந்து பாட்டையே அதுல வாசிப்பான்” என்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, “இன்னொண்ணும் சொல்லுவாரு. படகு மாதிரி ஒரு வாத்தியம். மடியில வச்சு மீட்டுவாங்களாம். நீங்க பாடத்துல சொல்லிக்குடுக்கிற யாழ் அதுதானா?” என்றும் கேட்டுவிட்டார்.

அக்கேள்வி என்னைச் சுட்டது. அதற்குக் காரணம் உண்டு. ஆசிரியப் பயிற்சியை முடித்து வேலைக்கு வந்த முதலாண்டில், பாணர் பற்றிய பாடம் நடத்தியபோது ஒரு மாணவன், “ஐயா, யாழ் எப்படி இருக்கும்?” என்று கேட்டான். நான் கரும்பலகையில் வீணையை வரைந்து காட்டினேன். பின்னர் தவறென்று தெரிந்து, அடுத்த ஆண்டு ஒரு சிறு நூலில் கண்ட படத்தைப் பார்த்து வரைந்தேன். இரண்டு கொம்புகளுக்கிடையே குறுக்குச் சட்டம் வைத்து நரம்பு கட்டிய அது கிரேக்க நாட்டுக் கருவி என்பது இன்னும் சில ஆண்டு கழித்தே எனக்குத் தெரிந்தது. இரு தவறுகளையும் எத்தனை குழந்தைகள் குறிப்பேட்டில் வரைந்துகொண்டு போனார்களோ! என்னைப் போல வரைந்தவர் நம்மில் வேறு சிலரும் இருக்கக்கூடும் என்பதாலேயே இதனை எழுதத் துணிந்தேன். யாழ் மறைந்துவிட்டது என்று நாம் சொல்வது தமிழகத்தளவில் உண்மை. ஆனால் அதன் இனத்தைச் சேர்ந்த கருவியொன்று, பினாங்கிலிருந்து கப்பலில் சில நாள் தூரத்து நாட்டில், ஏறத்தாழ ஆயிரத்துமுந்நூறு ஆண்டுகளாக இடையறாமல் ஒலித்து வருகின்றது.

அதன் பெயர் ‘சௌங் கௌக்’. சௌங் என்பது யாழ்; கௌக் என்பது வளைந்தது. பெயரே வில்யாழ் என்று சொல்லாமல் சொல்கிறது. அடிப்பாகம் ஒரு சிறு படகைப் போன்றது. ஏறக்குறைய இரண்டரை அடி நீளம். நம் வேங்கையின் இனத்தைச் சேர்ந்த படாக் என்னும் மரத்தைக் குடைந்து செய்வர். படகின் வாயை மான்தோலால் இழுத்து மூடி, தோலுக்குச் செந்நிற அரக்கு மெழுகுவர். தோலில் நான்கு சிறு துளைகள். படகின் ஒரு தலையிலிருந்து கழுத்தாகிய கோடு எழுந்து, வில்லைப்போல் வளைந்து, மேலேறி உள்நோக்கித் திரும்பி, அரச இலை வடிவில் முடிகிறது. இக்கோட்டை மரத்தைச் செதுக்கி வளைப்பதில்லை. காசுக்கட்டி எடுக்கும் மரத்தின் வேர்களுள் இயற்கையாகவே அவ்வாறு வளைந்ததைத் தேடிப் பிடித்துக் கொள்கின்றனர். நல்ல வளைவு கிடைப்பதே அரிதாதலின், பழைய யாழ் பழுதானாலும் கோட்டை மட்டும் எடுத்துப் புதிய உடலில் பொருத்துவதுண்டு.

தோலின் நடுவே நெடுக ஒரு மெல்லிய மரச்சட்டம் ஓடும். நரம்புகளின் கீழ்முனைகள் அதில் முடிச்சிடப்படும். மேல்முனைகளைச் செந்நிறப் பருத்திக் கயிறுகளால் கோட்டைச் சுற்றிக் கட்டுவர். கயிற்றின் நுனிகள் குஞ்சங்களாகத் தொங்கும். கயிற்றை முறுக்கினால் சுருதி ஏறும், நெகிழ்த்தினால் இறங்கும். பழங்காலத்தில் பட்டு நரம்பு, இக்காலத்தில் நைலான். கயிற்றுக்கு மாறாகக் கிதாரில் இருப்பதைப் போன்ற முறுக்காணிகளைப் பொருத்துவதும் இப்போது பெருகிவிட்டது. எண்ணிக்கை இன்று 16 வரை போகிறது.

இனி நம் பொருநராற்றுப்படையை எடுத்துக்கொள்வோம். கரிகாலனைப் பாடிய முடத்தாமக்கண்ணியார், நூலின் தொடக்கத்திலேயே யாழை உறுப்புறுப்பாக உவமை காட்டி வருணிக்கிறார். பத்தல் மான் குளம்பு அழுந்திய சுவடுபோல நடுவுயர்ந்து இருபுறம் தாழ்ந்தது. போர்த்திய தோல் விளக்குச் சுடரின் நிறத்தது. அத்தோல் இளஞ்சூல் கொண்ட சிவந்த பெண்ணின் வயிற்றில் மெல்லிய மயிர் ஒழுகியதுபோல் தோன்றுவது. துளைகளை அடைத்த ஆணி, வளையில் வாழும் நண்டின் கண். வறுவாய், உள்நாக்கு இல்லாத வாயாய், எட்டாம் நாள் திங்களின் வடிவாய் இருப்பது. கோடு, தலையெடுத்த பாம்பு. கோட்டைச் சுற்றிய திவவு, கரிய பெண்ணின் முன்கை வளையல்.

பயிற்சிக் காலத்தில் இவ்வுவமைகளை நான் மனனம் செய்து ஒப்புவித்திருக்கிறேன். ஒன்றும் கண்ணில் தோன்றியதில்லை. பர்மிய யாழின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்த அன்றுதான் புலவர் எதையும் மிகைப்படுத்தவில்லை என்று விளங்கிற்று. தலையெடுத்த பாம்பு என்றால் என்ன? படகின் முனையிலிருந்து எழுந்து வளையும் அந்த வேர்தான். வீணையின் நேரான தண்டுக்கு இவ்வுவமை ஒருநாளும் ஒட்டாது. விளக்குச் சுடரின் நிறம்? செவ்வரக்கு மெழுகிய தோலைப் பார்த்தவருக்கு உரை வேண்டுவதில்லை. திவவு என்பதற்கு ‘வார்க்கட்டு’ என்று உரைகாரர் எழுதியதை, வீணையின் மெட்டு என்று நான் பல்லாண்டு மயங்கிக் கிடந்தேன். கோட்டைச் சுற்றி அடுக்கடுக்காகக் கட்டிய கயிறுகளைப் பார்த்தால் முன்கை நிறைய வளையல் அடுக்கிய பெண்ணின் தோற்றம் தானே வருகிறது. மயிரொழுங்கு என்றது தோலை இணைத்துத் தைத்த வரை என்பர். பர்மிய யாழின் தோல் நடுவே ஓடும் சட்டமும் அதே இடத்தில் அதே தோற்றத்தைத் தருகிறது என்பது என் கண்ணுக்குப் பட்டது; அதற்கு மேல் வற்புறுத்த மாட்டேன்.

ஒவ்வாதனவும் உண்டு. நம் யாழில் துளைகளை ஆணி அடைத்திருக்கிறது. பர்மிய யாழில் நான்கும் திறந்தே கிடக்கின்றன. மான் குளம்புச் சுவடு போன்ற இருபிளவுப் பத்தலும் பர்மியப் படகும் ஒன்றல்ல. ஒப்புமையைச் சொல்லும்போது வேற்றுமையையும் சேர்த்துச் சொல்லிவிடுவதே மாணவர்க்கு நாம் செய்யும் நேர்மை.

இக்கருவி அங்கே எவ்வாறு போயிற்று? வில்யாழ் ஒரு காலத்தில் இந்தியா முழுதும் வழங்கிய கருவி. அமராவதிச் சிற்பங்களில் அதைக் காணலாம். நான்காம் நூற்றாண்டில் சமுத்திரகுப்தன் வெளியிட்ட பொற்காசில் மன்னனே அதை மடியில் வைத்து மீட்டுகிறான். நம் வரலாற்று நூல்கள் பலவும் அதனை வீணை என்றே எழுதிச் செல்கின்றன. கோடு மட்டும் மறைந்து, ‘வீணை’ என்ற பெயர் வேறு கருவிக்குப் போய்விட்டபடியால் வந்த மயக்கம் இது. பர்மாவில், இன்றைய பியே நகருக்கு அருகே, பியூ மக்களின் தலைநகராயிருந்த ஸ்ரீ க்ஷேத்திரத்தில் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த புடைப்புச் சிற்பமொன்றில் வில்யாழ் வாசிப்பவர் காணப்படுகிறார். 802ஆம் ஆண்டில் பியூ அரசர் சீனத்துத் தாங் பேரரசரின் அவைக்கு 35 இசைக்கலைஞரை அனுப்பினார். அவர்கள் கொண்டுபோன கருவிகளைச் சீன வரலாற்றாசிரியர்கள் அளவெடுத்து எழுதி வைத்தனர். அவற்றுள் பறவைத் தலை வைத்த யாழும் உண்டு. அதற்கு நரம்பு 14. நம் சிலப்பதிகார உரையிலே சகோடயாழுக்கு நரம்பு 14 என்று படித்திருக்கிறோம். இரண்டும் 14 என்பதால் இரண்டும் ஒன்றே என்று யாரும் எழுதிவிட வேண்டாம்! பேரியாழுக்கு 21, செங்கோட்டி யாழுக்கு 7, மகரயாழுக்கு 17 என்றும் 19 என்றும் இரு கணக்கு. இத்தனை எண்கள் இருக்கும்போது ஏதோ ஒன்று எங்கேனும் பொருந்தத்தான் செய்யும்.

1967இல் ஜூடித் பெக்கர் என்னும் அமெரிக்க ஆய்வாளர், இந்திய வில்யாழ் பர்மாவுக்குப் பெயர்ந்ததை ஆராய்ந்து எழுதினார். அதிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாதெனில், பர்மிய யாழ் இந்திய வில்யாழின் வழிவந்தது. நம் பண்டைய யாழும் அதே குடும்பத்தது. எனவே இரண்டும் உறவு. தமிழர் கொண்டுபோய்க் கொடுத்ததென்று மேடையில் முழங்குவதற்கு இதில் இடமில்லை. அவ்வாறு முழங்கக் கேட்டிருக்கிறேன், கைதட்டலும் கேட்டேன். பர்மியர் அதை வாங்கிய நாளிலிருந்து ஆயிரம் ஆண்டுக்கு மேல் வளர்த்துத் தமதாக்கிக் கொண்டவர்கள். மூங்கிலாலோ மரத்தாலோ 24 கட்டைகளைத் தொட்டில்போல் தொங்கவிட்டுத் தட்டி வாசிக்கும் கருவிக்கு அங்கே ‘பத்தலா’ என்று பெயர். அதைக் கேட்டவுடன் நம் பத்தரோடு முடிச்சுப் போட்டு ஒரு கட்டுரை எழுதிவிடவும் சிலருக்குக் கை துடிக்கும். ஒலியொப்புமை மட்டும் சான்றாகாது.

வளர்த்தவர் யாரென்பதற்குப் பெயரும் உண்டு. மியாவதி மின்ஜி ஊ சா, 1766 முதல் 1853 வரை வாழ்ந்தவர். படைத்தலைவர், அரண்மனைக் கவிஞர், யாழ் வல்லுநர். ஏழு நரம்பாக இருந்த யாழைப் பதின்மூன்றாக உயர்த்தியவர் அவரே என்பது பர்மிய மரபு. 1767இல் பர்மியப் படை சயாமின் அயுத்தயாவை வென்று, அரண்மனைக் கலைஞர்களையும் சிறைகொண்டு வந்தது. அவர்களிடமிருந்து கற்ற மெட்டுகளைக் கொண்டு ஊ சா புதிய பாட்டுகள் இயற்றினார். அவ்வகைப் பாட்டுகளுக்கு இன்றும் ‘யோதயா’ என்று பெயர். அயோத்தி அயுத்தயாவாகி, அயுத்தயா யோதயாவாயிற்று! பர்மியரின் பழைய பாட்டுத் தொகை ‘மகாகீதம்’ எனப்படும். கீதவரிசையை முடித்தே நம் பிள்ளைகள் கீர்த்தனைக்குப் போவதுபோல, அங்கே ‘சோ’ எனப்படும் பாட்டு வகையில் பதின்மூன்றைக் கற்ற பிறகே மற்றவற்றுக்குப் போகின்றனர்.

வாசிக்கும் முறையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் யாழ் மறைந்ததற்குரிய காரணமும் அதற்குள் இருக்கிறது என்பது என் துணிபு. கலைஞர் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, படகை மடியில் கிடத்தி, கோடு தம் இடப்பக்கம் வருமாறு வைத்துக்கொள்வர். வலக்கை விரல்கள் வெளிப்புறத்திலிருந்து நரம்பைத் தெறிக்கும். இடக்கை உட்புறமிருந்து வேலை செய்யும்: ஒலித்த நரம்பைத் தொட்டு அடக்கும், வேண்டும்போது கட்டைவிரல் நகத்தால் நரம்பை அழுத்திச் சுருதியைச் சிறிது உயர்த்தும். மெட்டு கிடையாது. ஒரு நரம்புக்கு ஒரு சுரம். பதினாறு நரம்பிருந்தால் பதினாறு ஒலி. இடையிலுள்ளதை நகத்தால்தான் பெற வேண்டும்.

ஞானசம்பந்தரும் திருநீலகண்ட யாழ்ப்பாணரும் பற்றிய கதை நினைவுக்கு வருகிறதா? தருமபுரத்தில் பிள்ளையார் பாடிய பதிகம் யாழில் அடங்கவில்லை. பாணர் மனம் உடைந்து யாழை முறிக்கப் போனார் என்பர். பக்திக் கதையாகவே நாம் சொல்லி வருகிறோம். யாழின் கட்டமைப்பை அறிந்தவருக்கு அதில் ஒரு கருவியின் எல்லையும் தெரியும். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்வதும் அசைப்பதும் குரலுக்கு எளிது. ஒரு நரம்புக்கு ஒரு சுரம் என்ற கருவிக்கு அது எளிதன்று. நம் இசை கமகத்தின் வழியே வளர வளர, தண்டின்மேல் விரலை இழுத்து வாசிக்கத்தக்க வீணை முன்னே வந்தது, யாழ் பின்தங்கிற்று. பர்மிய இசை வேறு வழியில் போனது. அங்கே ஒலியை நீட்டி அசைப்பதைவிட, தனித்தனிச் சுரங்களைத் துள்ளலாய்த் தொடுத்து, பாடகர் குரலைப் பின்தொடர்ந்தும் முந்தியும் கருவி ஓடுவதே அழகு. குரலும் யாழும் ஒரே பாட்டை ஆளுக்கொரு வகையில் அலங்கரித்துச் சென்று, அடி முடியும் இடத்தில் கைகோத்துக்கொள்ளும். அவ்விசைக்கு யாழ் போதும். ஆதலால் யாழ் பிழைத்தது.

இன்னொரு நன்மையும் உண்டு. நம் பண்டை இசைநூலார் சொன்ன ஏழ்பெரும்பாலை, குரல் திரிபு முதலியன வீணையில் பார்த்தால் கணக்காகவே நிற்கும். யாழில் அவை கைவேலை. எந்த நரம்பைக் குரலாகக் கொண்டு தொடங்குகிறோமோ அதற்கேற்பப் பாலை மாறும். பர்மிய யாழிலும் சுருதி கூட்டும் முறைகளுக்குத் தனித்தனிப் பெயருண்டு: ஞின்லோன், அவுக்பியான், பலே, மியின்ஸைங் என்பன. பாட்டு வகை மாறினால் சில நரம்புகளை ஏற்றியிறக்கி அடுத்த முறைக்குப் போவர். விபுலாநந்த அடிகள் 1947 சூன் மாதம் திருக்கொள்ளம்புதூரில் அரங்கேற்றிய ‘யாழ் நூல்’ இக்கணக்கையெல்லாம் ஏட்டிலிருந்தும் எண்ணிலிருந்தும் மீட்டுக் கொடுத்தது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார்கள். அந்நூலைப் படித்து இடையில் மூடி வைத்தவர்கள் நம்மில் பலர், நானும் ஒருவன். பர்மிய யாழிசையைக் கேட்டுவிட்டு மறுபடி திறந்தால் பல பக்கங்கள் இளகிக் கொடுக்கின்றன. இன்லே மியின்ட் மௌங் யாழ் மீட்ட, யீ யீ தான் பாடிய ‘மகாகீதா’ என்ற இசைத்தட்டு 2003இல் அமெரிக்காவில் வெளிவந்தது. வகுப்பில் ஒலிக்கச் செய்ய அதனினும் ஏற்றதை நான் அறியேன்.

யாழ் வீட்டுக்குள்ளும் அவைக்குள்ளும் ஒலிப்பது. திருவிழாவிலும் கூத்திலும் ஒலிப்பது ‘ஸைங் வைங்’ என்னும் பெருமேளம். சூலியா தெருப் பெரியவர் சொன்ன மத்தள வட்டம் அதன் தலைமைக் கருவி. பெயர் ‘பத் வைங்’. பொன்பூசிக் கண்ணாடிச் சில்லுகள் பதித்த வட்ட வேலிக்குள் 21 மத்தளங்கள் பெரிது சிறிதாய் வரிசையாகத் தொங்கும், நடுவே கலைஞர். ஒவ்வொன்றும் ஒரு சுரம். தாளத்துக்கு மட்டுமன்றிப் பாட்டுக்கே மத்தளம்! சுருதி சேர்ப்பது, பெரியவர் சொன்னபடியே, வேகவைத்த அரிசியும் மரச்சாம்பலும் பிசைந்த பசையால். கூட அப்பினால் ஒலி தாழும், சுரண்டினால் உயரும். பாட்டு மாறும்போதெல்லாம் கலைஞர் விரலால் தொட்டுத் தொட்டுத் திருத்திக்கொண்டே இருப்பார். அப்பசைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பத் சா’, அதாவது மத்தளத்தின் உணவு. நம் கைவினைஞரும் மிருதங்கத்தின் வலந்தலையில் சோற்றோடு கிட்டப்பொடி சேர்த்துத் தேய்த்த கரும்பொட்டைச் ‘சோறு’ என்றே சொல்கின்றனர். ஒரு மேளத்தில் பல சுருதி என்ற எண்ணம் நமக்கும் புதிதன்று. திருவாரூரிலும் திருத்துறைப்பூண்டியிலும் உள்ள ஐம்முக முழவத்தை நேரில் கண்டவர்கள், ஐந்து வாயும் ஐந்து ஒலி தருவதைக் கேட்டிருப்பார்கள்.

வட்டத்தின் பக்கத்தில் ‘சே வைங்’ என்னும் வெண்கலச் சேமக்கல வட்டம். மேலே மிருகவுருவம் தாங்கிய சட்டத்தில் ஒரு பெருமத்தளம் தொங்கும். பாட்டை முன்னின்று நடத்துவது ‘ஹ்னே’ என்னும் துளைக்கருவி. நாகசுரத்தைப் போலவே சீவாளி, கீழே விரிந்த உடல். ஆனால் நம் அணைசு உடலோடு இறுகப் பொருந்தியிருக்க, ஹ்னேயின் உலோக வாய் ஒரு கயிற்றில் தளர்வாகத் தொங்கிக்கொண்டு ஆடும். சீவாளி பனையோலை மடிப்புகளால் ஆவது. குவீன் தெருக் கோயில் நாகசுரத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு ஹ்னேயின் குரல் அந்நியமாகத் தோன்றாது. அதன் நடை மட்டும் சட்டென்று திரும்பும், குதிக்கும். தாளத்தைக் காப்பது ஒரு சிறு கைமணியும் ஒரு மூங்கில் சப்பாத்தட்டையும். மணிக்குச் ‘சி’, தட்டைக்கு ‘வா’ எனப் பெயர். யாழிசையில் பாடகரே ஒரு கையில் சியும் மறு கையில் வாவுமாக வைத்துக்கொண்டு பாடுவார், ஓதுவார் தாளமிட்டுக்கொண்டு பாடுவதுபோல.

கருவிகளை வகுக்கும் முறையிலும் ஓர் ஒற்றுமை. நாம் தோல், துளை, நரம்பு, கஞ்சம், மிடறு என ஐந்தாகச் சொல்வோம். பர்மியரும் ஐந்துதான்: வெண்கலம், நரம்பு, தோல், காற்று, ஐந்தாவது கைதட்டு. நாம் மிடற்றை வைத்த இடத்தில் அவர்கள் தட்டும் கருவிகளை வைத்தார்கள்.

பினாங்கு வாசகர்க்குப் பர்மா அந்நியமன்று. புலாவ் திக்குசில் 1803இல் தோன்றிய தம்மிகாராம பர்மிய விகாரை இன்றும் உண்டு. ஜாலான் பர்மா, ரங்கூன் சாலை, மண்டலே சாலை எனத் தெருப்பெயர்களே பாதி பர்மா. விகாரைக்கு எதிரே சயாமியக் கோயில். யோதயாப் பாட்டு பிறந்த கதையைக் கேட்டபின் அவ்விரண்டும் எதிரெதிரே நிற்பதைப் பார்க்கையில் எனக்குச் சிரிப்பு வரும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி இரண்டிடத்திலும் நீர்த்திருவிழா நடக்கும். நாமும் அதே நாட்களில்தான் புத்தாண்டு கொண்டாடுகிறோம்.

1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ரங்கூன் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்; அவருள் தமிழர் பெருந்தொகையினர். 1942இல் போருக்கஞ்சிக் கால்நடையாக வெளியேறியவர்களும், 1962ஆம் ஆண்டு இராணுவப் புரட்சிக்குப் பின் தொழில்கள் நாட்டுடைமையாக, அறுபதுகளில் கப்பலேறி வந்தவர்களும் பல இலட்சம். சென்னைப் பர்மா பசாருக்குப் போனால் அத்தோவும் மொய்ங்காவும் இன்றும் கிடைக்கும். யாழ் வந்து சேரவில்லை. வீடிழந்து வருகிறவர் இசைக்கருவியைத் தூக்கி வர முடியுமா என்று கேட்டால், முடியாதுதான். ஆனாலும் அத்தனை ஆண்டு பக்கத்திலிருந்து அதைக் கேட்டவர்களுக்கு, இது நம் பொருநன் கையிலிருந்ததன் உறவாயிற்றே என்று தோன்றியிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்! தோன்றச் செய்திருக்க வேண்டியவர்கள் தமிழாசிரியர்கள்.

எங்கள் தோட்டத்து முதியோரிடம் பர்மா என்று சொன்னால் நினைவு வேறிடத்துக்குப் போகும். 1942, 1943 ஆண்டுகளில் சயாம்–பர்மா இரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாத பல்லாயிரவர் மலாயாத் தோட்டத் தமிழர். ‘பர்மிய யாழ்’ என்ற பெயரில் ஜப்பானிய இயக்குநர் கோன் இச்சிகாவா 1956இல் ஒரு திரைப்படம் எடுத்தார். பர்மாவில் தோற்ற ஜப்பானியப் படையின் வீரனொருவன் யாழ் மீட்டுகிறான். இறந்தோரைப் புதைக்கவென்று துறவியாகி அங்கேயே தங்கிவிடுகிறான். உலகமே போற்றிய நல்ல படம். அதைப் பார்த்து முடித்ததும் என் பாட்டி தம் தமையனைப் பற்றிச் சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. அவரைப் புதைத்தவர் யாரென்று எங்கள் குடும்பத்தில் எவருக்கும் தெரியாது. அன்றிலிருந்து அந்த யாழொலியை நான் இரு வகையாகக் கேட்கிறேன்.

மறுபடியும் வகுப்பறைக்கு வருகிறேன். சூலியா தெருவிலிருந்து திரும்பிய வாரத்தில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளோடு ஒரு முயற்சி செய்து பார்த்தேன். முற்றிய சுரைக்காயொன்றை நீளவாக்கில் பிளந்து காயவைத்தோம். கோட்டுக்கு வளைந்த பிரம்பு. தோலுக்கு முதலில் தடித்த காகிதம்; ஒரே நாளில் கிழிந்தது. பிறகு பழைய உறுமி மேளத்திலிருந்து கழித்த தோலை நனைத்துக் கட்டினோம். நரம்புக்கு மீன்பிடி நைலான், ஏழு. பிரம்பு இழுவிசை தாங்காமல் இன்னும் வளைந்தது. நரம்பை ஒவ்வொன்றாகக் கட்டக் கட்ட முன்னர்க் கட்டியவை தளர்ந்தன. இயற்கையாக வளைந்த வேரைப் பர்மியர் ஏன் தேடிப்போகிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கே முழுதும் புரிந்தது. ஏழில் ஐந்து நரம்பு ஒருவாறு சுருதியில் நின்றன. குட்டை நரம்பு உரத்தும் நெட்டை நரம்பு தாழ்ந்தும் ஒலிப்பதைச் சொல்லித்தரத் தேவையில்லாமற் போயிற்று.

பின்னர்ப் பொருநராற்றுப்படை உவமைகளை எளிய நடையில் சொல்லி, எது எங்கே என்று தொட்டுக் காட்டச் சொன்னேன். பாம்பை உடனே காட்டினார்கள். வளையலையும் காட்டினார்கள். நண்டுக் கண்ணுக்குத்தான் இடமில்லை. கடைசி வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து, “ஐயா, அந்த ஆணிய நாம இன்னும் அடிக்கல” என்றாள்.

கருவி என் மேசைமேல் இருக்கிறது. கேட்டதற்கு, ஆட்டுத் தோலை ஒழுங்காகப் போர்த்தித் தருவதாகச் சூலியா தெருப் பெரியவர் சொல்லியிருக்கிறார். நல்ல வளைவுள்ள வேர் கிடைத்தால் கொண்டுவரச் சொன்னார். பிள்ளைகள் தோட்டத்து ஓடைக்கரையில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.